அந்துச்சி என்று வாய் திறந்தவள்

என் அண்ணன் மகளுக்கு ஒன்றரை வயது முடிந்தும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, எச்சில் ஆறாக வந்தது. சொல் மட்டும் வரவில்லை. காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்ட அண்ணி, ஒரு நாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் போட்டாள். குழந்தை திரும்பித் தாம்பாளத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், இதெல்லாம் ஒரு வேலையா என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதில் குறை இல்லை. தாம்பாளத்தில்தான் ஒரு சொட்டை விழுந்திருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நான் பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். எனக்கு வயது பத்தொன்பது, கல்யாணமாகாத பெண். வீடு என்றால் ஒரே கூடம். பாதிக் கூடம் தறிக்கு, மீதி எங்கள் நான்கு பேருக்கு. அண்ணன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வான். புடவையின் கரைக்குத் தனியாக, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஒரு நாடா ஓட வேண்டும். அதை வாங்கித் திருப்பித் தள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். குழந்தை குழிக்குள் விழுந்துவிடாமல் இருக்க அவள் இடுப்பில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மறுமுனையைத் தூணில் கட்டி வைப்போம். அந்தத் துணி எட்டும் தூரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, வேலையை மேற்பார்வை பார்ப்பவள் போல எங்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினோம். அவள் நாக்கை நீட்டி நீட்டி இன்னும் கேட்டாளே தவிர, வாயால் கேட்கவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா ஒரு வழி சொன்னார்.

"கோயில் மணி மேல தண்ணிய ஊத்தி, அது வழியறத புடிச்சி குடும்மா. எங்கக்கா பேரனுக்கு அப்பிடிதான் பேச்சு வந்துச்சி. இப்ப நிறுத்த முடியல."

தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் அண்ணன் போய்க் கேட்டான். குருக்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மணி இருக்கறது அடிக்கறதுக்குப்பா. அதுக்கு யாராவது ஸ்நானம் பண்ணி வைப்பாளா?"

"கொழந்தைக்கு பேச்சு வரல சாமி."

"வந்து இப்போ என்ன பேசப்போறது?" என்றார் குருக்கள். ஆனாலும் ஏணியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அண்ணன் குடத்தோடு ஏணியில் ஏறினான். கீழே நான் சொம்பை ஏந்திக்கொண்டு நின்றேன். அண்ணி குழந்தையோடு பக்கத்தில் நின்றாள். ஏணி ஆடியதில் அண்ணன் தோள் மணியில் இடித்தது. மணி ஓங்கி அடித்தது. தீபாராதனை என்று நினைத்துத் தெருவே கையைக் கூப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. வந்தவர்கள் பார்த்தது, ஏணி உச்சியில் குடத்தோடு நின்ற என் அண்ணனைத்தான். கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். விஷயத்தை அண்ணி சொன்னதும், நல்ல தண்ணீர்தானே என்று ஆளுக்கு ஓர் உள்ளங்கை வாங்கிக் குடித்தார்கள். ஒரு நெசவுக்காரர் கையை நீட்டியபோது அவர் மனைவி பிடித்து இழுத்தாள். "உனக்கு வேணாம்யா. நீ பேசற பேச்சு போதும்."

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அண்ணன் நெய்துகொண்டிருந்தபோது, தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவில் ஓர் இழை அறுந்தது. எந்த வீட்டில் அறுந்தாலும் எங்கள் தெருவில் ஒரே வார்த்தைதான். அண்ணன் நாக்கைத் தட்டிக்கொண்டு, "ச்சு. அந்துச்சி" என்றான்.

"ச்சு. அந்துச்சி" என்றது தூண் பக்கமிருந்து ஒரு குரல்.

நாங்கள் திரும்பினோம். குழந்தை தறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து பிசகவில்லை, மழலை இல்லை. அண்ணனின் சலிப்பு உட்பட அப்படியே வந்திருந்தது.

அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்து குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். பிறகு யோசித்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"பத்து மாசம் சொமந்தவ நானு. இத்தினி நாள் பேசாம இருந்துட்டு அது இழைய கூப்புடுதே!"

"என்னையும்தான் கூப்புடல" என்றான் அண்ணன்.

"உன் பேச்சதான சொல்லுது? அது உன்னை கூப்பிட்ட மாதிரிதான். எனக்குன்னு இன்னா இருக்குது?"

அன்று மதியம் பால் தீர்ந்ததும் குழந்தை காலி டம்ளரைப் பார்த்து "அந்துச்சி" என்றாள். பூனை சுவரேறிப் போனதும் "அந்துச்சி." பக்கத்து வீட்டு ரேடியோ நின்றதும் "அந்துச்சி." எது முடிந்தாலும், எது கண்ணை விட்டுப் போனாலும் அவளுக்கு அது அறுந்ததுதான். யோசித்துப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் எங்கள் தெருவில் யாரும் யோசித்துப் பார்க்கும் நிலையில் இல்லை. அறுந்துபோச்சு என்பது தறிக்காரர் வீட்டில் நல்ல வாக்கு இல்லை. அதுவும் பேசாத பிள்ளை, கோயில் மணித் தண்ணீர் குடித்துப் பேசிய முதல் வாக்கு!

எதிர்வீட்டுக்காரர் சைக்கிளில் கிளம்பும்போது அவள் சொன்னாள். தெருமுனையில் அவருக்குச் செயின் கழன்றது. அது வாரத்துக்கு மூன்று முறை கழலும் செயின் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலைத் தவிர்த்துப் பின்சந்து வழியாகப் போகத் தொடங்கினார்கள். பின்சந்தில் சாக்கடை ஓடும். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூ பழத் தட்டோடு, அந்தச் சாக்கடையைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

இதில் பெரிய கூத்து, தெருவில் பாவு விரித்த அன்று நடந்தது. புது இழைகளைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். எட்டுப் பேர் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வாசலுக்கு வந்தேன்.

"அந்துச்சி" என்றாள்.

எட்டுப் பேரும் நின்றார்கள். "எங்க? எங்க?" என்று குனிந்தார்கள். பாவுக்குச் சொந்தக்காரரான பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் இழையாகப் பார்த்துக்கொண்டே அந்தக் கோடிக்குப் போனார்; பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார். ஆயிரக்கணக்கான இழை. வெயில் ஏறியது. கஞ்சி காய்ந்தது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் குழந்தையிடமே வந்தார்.

"எங்கம்மா அந்துச்சி? காட்டு பாக்கலாம்."

அவள் தெருமுனையைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் ஒரு நாய் இருந்தது. இப்போது இல்லை.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "நாய சொல்லுதுபா" என்று மற்ற ஏழு பேருக்கும் தெரிவித்தார்.

இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையும் தறிக்காரர், ஊரின் இன்னொரு கோடியில் வீடு. ஐப்பசியில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணிக்குத் தூக்கம் போயிற்று.

"பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி இது வாய தொறந்தா இன்னா ஆவறது? எழுந்து போயிடுவாங்க."

"ஒரு மணி நேரம் பக்கத்து வீட்ல உட்டுடலாம்" என்றான் அண்ணன்.

தெலுங்குக்கார அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "பங்காரு, தங்கம் மாதிரி புள்ளதான், இல்லேங்கல. ஆனா எங்க வீட்ல பொண்ணு மாசமா இருக்குதும்மா. வேணாம்மா."

ஆகவே குழந்தையை மாற்ற முடியாது, வார்த்தையை மாற்றுவோம் என்று அண்ணி முடிவு செய்தாள். இனி வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. இழை அறுந்தால் மங்களமாக வேறு ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? கொஞ்ச நேரம் யோசித்து, "மல்லிப்பூ" என்றாள்.

"இழை அந்தா மல்லிப்பூவா?" என்றான் அண்ணன்.

"பாத்தியா, மறுபடியும் சொல்ற."

அன்று முதல் எங்கள் வீட்டுத் தறியில் இழை அறுபடவில்லை, மல்லிப்பூ ஆயிற்று. அண்ணனுக்குக் கோபம் மட்டும் பழையபடியே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, நாக்கைத் தட்டி, "ச்சு! மல்லிப்பூ!" என்று கத்துவான். நூல் கொண்டுவந்து கொடுப்பவர் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, "காத்தாலருந்து அஞ்சி மல்லிப்பூ. இன்னிக்கி எதுவுமே சரியில்ல" என்றான். அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி, ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

தெருவில் பூ விற்கும் அம்மாதான் அதிகம் கஷ்டப்பட்டாள். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் ஆவேசமாகப் பூவைக் கேட்கிறது என்று கூடையோடு ஓடி வருவாள். வேண்டாம் என்போம். நாலு வீடு தாண்டுவதற்குள் மறுபடியும் அழைப்பு வரும். அவளாவது பரவாயில்லை. அவள் தெருவில் "மல்லிப்பூவே" என்று கூவியபோதெல்லாம் அண்ணன் மிதியை நிறுத்திவிட்டு, எங்கே அறுந்தது என்று பாவில் தேடினான். மூன்றாம் நாள் அவள் கூடையை எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள்.

"இன்னாபா நெனச்சிக்கினு இருக்க? பூ வாங்கற மூஞ்சியா இது?"

இவ்வளவு செய்தும் குழந்தை மல்லிப்பூ என்று சொல்லவே இல்லை. இழை அறுந்ததும் அண்ணன் வாயைப் பார்ப்பாள். அவன் மல்லிப்பூ என்பான். அவள் அறுந்த இழையைப் பார்ப்பாள். மறுபடியும் அவன் வாயைப் பார்ப்பாள். பொய் சொல்கிறவர்களை அப்படிப் பார்க்க அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்களோ தெரியாது. நாங்கள் மூவரும் மாற்றி மாற்றி அவள் முன்னால் உட்கார்ந்து, "மல்லிப்பூ சொல்லு. சொல்லு கண்ணு. சொல்லு" என்று கெஞ்சினோம். பத்து நாள் கெஞ்சியதற்குப் பலன் கிடைத்தது. அவளுக்கு இரண்டாவது சொல் வந்தது.

"சொல்லு" என்றாள் என்னைப் பார்த்து.

அதட்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணிக்கு உயிர் வந்தது. "பரவால்ல. இதுல தப்பா ஒண்ணும் இல்ல. வர்றவங்க முன்னாடி இதையே சொல்லிக்கினு இருந்தா போதும்."

பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, மாகறலிலிருந்து வந்திருந்த தாய்மாமன். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா என்னையும் கூடத்தையும் நிதானமாக அளந்துகொண்டிருந்தார். பேச்சு முழுவதும் தாய்மாமனுடையது. பெரிய உடம்பு, பெரிய மீசை. கேசரியைக் கையில் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்த்து, "பேர் இன்னா கண்ணு?" என்று கேட்டார்.

"சொல்லு" என்றாள்.

அவருக்கு ஒரே சிரிப்பு. "பாருங்க, என்னியே சொல்லச் சொல்லுது! சொல்றேன், சொல்றேன். எங்க குடும்பம் சாதாரண குடும்பம் இல்லம்மா. சாமிக்கு சாத்தற புடவையே எங்க தாத்தா நெய்ஞ்சதுதான்."

"சொல்லு."

"அந்தப் புடவைய மோதரத்துக்குள்ள நொழச்சி இந்தப் பக்கம் இழுத்தாங்க. அவ்ளோ நயம்."

"சொல்லு."

"மோதரம் இன்னா மோதரம், ஊசிக்காதுலயே நொழச்சாங்க!"

மாப்பிள்ளையின் அம்மா தம்பியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவர் கவனிக்கவில்லை. வாழ்நாளில் அவர் பேச்சை இவ்வளவு ஆசையாகக் கேட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். குழந்தை கண் கொட்டாமல் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்குவது அவளுக்குப் பிடித்திருந்தது. அவர் தாத்தாவை முடித்து, அப்பாவை முடித்து, மாப்பிள்ளைக்கு வந்தார்.

"பையன் தங்கம். குடி கெடையாது, சீட்டு கெடையாது. பீடி வாசனையே ஆவாது."

"சொல்லு."

"தறியில உக்காந்தா சோறு தண்ணி வேணாம்."

"சொல்லு."

அவர் மீசையைத் தடவினார். சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் குழந்தை காத்திருந்தாள்.

"கொறன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான். இந்த செவப்பும் பச்சையும்தான் கொஞ்சம்..."

மாப்பிள்ளையின் அம்மா அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். அவர் வாயை மூடினார்.

"சொல்லு" என்றாள் குழந்தை.

"ரெண்டும் அவனுக்கு ஒண்ணாதான் தெரியும்" என்றார் மாமன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

வண்ணப் பட்டு நெய்கிறவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது! அண்ணன் கேசரித் தட்டைக் கீழே வைத்தான். மாப்பிள்ளையின் கழுத்து இன்னும் குனிந்தது. மாமன் மீசை அசையவில்லை. குழந்தை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். இனி வராது என்று தெரிந்ததும் நாக்கைத் தட்டினாள்.

"ச்சு. அந்துச்சி."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை சட்டென்று எழுந்தார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் வாசலுக்குப் போகவில்லை. நேரே தறிக்குப் போனார். பாவின்மேல் குனிந்து, இரண்டு கை விரல்களையும் விரித்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார். நிஜமாகவே ஓர் இழை அறுந்திருந்தது. காலையில் தறியை விட்டு எழுந்தபோது அண்ணன் அதைப் பார்க்கவில்லை. அவர் அதை எடுத்து, நுனியை ஈரப்படுத்தி, முறுக்கிக் கட்டிவிட்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"கட்டிட்டேன்" என்றார். அவர் பேசி நான் கேட்ட முதல் சொல் அதுதான்.

அவர்கள் போன பிறகு அண்ணன் தயங்கினான். "நல்ல மனுசன்தான். ஆனா கலரு தெரியாதவனுக்கு எப்படிமா உன்னை குடுக்கறது? அதுவும் தறிக்காரன்."

"எனக்கு தெரியுதுல்ல? ஒரு வீட்ல ஒருத்தருக்கு தெரிஞ்சா போதும்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சம்மதித்துவிட்டது எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டில் அவருடைய அம்மா சிவப்பு நூலுக்கு ஒரு முடிச்சும் பச்சைக்கு இரண்டு முடிச்சும் போட்டு வைப்பாராம். இத்தனை வருஷமும் வேலை அப்படித்தான் நடந்ததாம். தையில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று.

அதற்குள் குழந்தைக்குச் சொற்கள் மளமளவென்று வந்தன. தா, வா, நாயி, ஊசி, அம்மா. அம்மா வந்த அன்று அண்ணி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். தூணடியில் நூல்கண்டுகளைப் பரப்பி நான் அவளுக்கு நிறம் சொல்லிக் கொடுத்தேன். மார்கழி முழுவதும் அவளுக்கு எல்லாமே பச்சை. காக்கா பச்ச, இட்லி பச்ச, குருக்கள் பச்ச. தை பிறப்பதற்குள் தேறிவிட்டாள்.

கூறைப்புடவையைத் தன் கையாலேயே நெய்து தரப்போவதாக மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார். உடம்பு அரக்குச் சிவப்பு, கரை கிளிப்பச்சை என்று எனக்கு மட்டும் ஒரு சீட்டில் எழுதியிருந்தார். சாயம் போட்ட நூல் புதிதாக வந்திறங்கிய நாளில் அவர் அம்மா மாகறல் போயிருந்தார். முடிச்சுப் போட ஆளில்லை. எல்லோரையும் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று இவர் தாமே நூலை எடுத்துப் பாவு பூட்டி நெய்ய ஆரம்பித்துவிட்டார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை தள்ளிய அவருடைய தங்கை, தன் அண்ணன் ஏதோ புது மாதிரி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஊரிலிருந்து திரும்பிய அம்மா, பெண் ஆசைப்பட்டுக் கேட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கல்யாணத்தன்று பெட்டியைத் திறந்த அண்ணி, இது அவர்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் கிளிப்பச்சை, கரை அரக்கு. அதைக் கட்டிக்கொண்டு நான் மணையில் போய் உட்கார்ந்தேன். நிறம் இடம் மாறிவிட்டது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

முகூர்த்த நேரத்தில் மணமக்களை யாரும் பார்க்கவில்லை. எங்கள் தெருவே அண்ணி இடுப்பில் இருந்த குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாலி கட்டும்போது அவள் வாயைத் திறந்தாள். மேளக்காரர்கூட ஒரு கணம் தடுமாறினார் என்று பிறகு சொன்னார்கள். அவள் என் புடவையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பச்ச!" என்றாள், கல்யாணக்கூடமே அதிர.

அப்பாடா என்று எல்லோரும் அட்சதையை அள்ளிப் போட்டார்கள். மூன்றாவது முடிச்சை அவருடைய தங்கை போட்டு முடித்தாள். அவர் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, சிரித்துக்கொண்டே காதில் சொன்னார்:

"கொழந்தைக்கு இன்னும் கலரு தெரியல போல."

"ஆமா. சின்னதுதான?" என்றேன். "போவப்போவ தெரிஞ்சிக்கும்."